மேடம் என்று கூப்பிடாதே

எல்லோரும் சமம் என்று சொல்லும் டென்மார்க்கில் மேலாளரோடு எப்படிக் கதைப்பது? இங்கே வந்து இத்தனை வருடமாகியும் எனக்குத் தெரியாது.

பிலிப்பைன்ஸில் படித்த தாதி கிரேஸ் நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி வார்டில் தற்காலிக வேலையில் இருக்கிறாள். மேலாளர் கிர்ஸ்டன் நல்லபடி எழுதிக் கொடுத்தால்தான் அவளுக்கு இங்கே தாதியாகப் பதிவு கிடைக்கும்.

நேற்று கிர்ஸ்டன் அவளைத் திருத்தினார். "மேடம் எண்டு கூப்பிடாதை. இங்க எல்லாரும் சமம். பிடிக்காததை முகத்துக்கு நேர சொல்லு."

"ஓம் மேடம்."

பிறகு கிரேஸ் என்னிடம் கேட்டாள். "அக்கா, உண்மையா சொல்லலாமோ?"

"தெரியாது பிள்ளை. நான் இன்னும் சொல்லிப் பாக்கேல்லை."

இன்று காலை கிர்ஸ்டன் அவளை ஞாயிறும் வரச் சொன்னார்.

"கிர்ஸ்டன், எனக்கு ஏலாது," என்றாள் கிரேஸ்.

பின்னேரம் கிரேஸைப் பற்றிக் கிர்ஸ்டன் எழுதிய தீர்ப்பு வந்தது. வேலை திறமாம், ஒத்துழைப்புத்தான் போதாதாம். இன்னும் மூன்று மாதம் பார்ப்பார்களாம்.

ஞாயிறு வேலை எனக்கு வந்தது. நல்லது என்று சொல்லிவிட்டேன்.