நடுவில் ஒரு டப்பா

இது இரண்டு வருஷத்துக்கு முன்பு ஆனி மாதத்தில், ஆரணியில் எங்கள் வீட்டு முன்அறையில் நடந்தது.

நான் எட்டாவது வரை படித்தவன். பதினைந்து வருஷம் தறியில் உட்கார்ந்தேன். இப்போது பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் பார்டரும் புட்டாப் பூக்களும் வரைந்து கொடுக்கிறேன். எந்த மெஷினையும் பிரித்து மாட்டிவிடுவேன். அந்தத் தைரியம் எனக்கு எப்போதும் உண்டு.

என் சம்சாரம் பன்னிரண்டாவது பாஸ். அரசு வேலைப் பரீட்சைக்கு மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு முறையும் கணக்குதான் காலை வாரியது. "இந்த வாட்டி இல்லன்னா வுட்டுடறேன்" என்று சொல்லியிருந்தாள். சொன்னால் சொன்னதுதான், அவள் அப்படிப்பட்ட ஆள்.

இந்த முறை ஆன்லைன் கோச்சிங்கில் சேர்ந்தாள். பாடமெல்லாம் வீடியோ. பிரவுசரில் ஓடும். யாரும் காப்பி எடுக்க முடியாதபடி பூட்டு போட்ட வீடியோ. ஓர் ஆளுக்கு ஒரு மெஷின்தான். எங்கள் கம்ப்யூட்டரைப் பதிந்திருந்தோம். போனுக்கு மாற்ற வேண்டுமென்றால் இரண்டு நாள் ஆகும்.

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை. கணக்கில் கடைசிப் பாடம் மூன்று மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அதை மூடிவிடுவார்கள். அன்று காலை பத்து மணிக்கு நோட்டுடன் உட்கார்ந்தாள். வாத்தியார் குரல் வந்தது. படம் வரவில்லை. ஸ்கிரீன் முழுக்கக் கறுப்பு.

கணக்கைக் காதால் கேட்டு என்ன செய்வது?

நெட்டை அணைத்துப் போட்டேன். பிரவுசரை மூடித் திறந்தேன். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டேன். கறுப்புதான். நெட்டில் சும்மா கிடைக்கும் வேறு ஒரு வீடியோ போட்டேன். ஜம்மென்று ஓடியது. நம் மெஷின் சரி, கோளாறு அவர்களிடம்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

"அந்த டப்பாவக் கழட்டிப் பாருங்களேன்" என்றாள்.

புதன்கிழமை நான் மாட்டியது அது. அதற்குப் பிறகு அவள் பாட வீடியோ போட்டது அன்றுதான். கம்ப்யூட்டரிலிருந்து வரும் வயரை இரண்டாகப் பிரிக்கும் சின்ன டப்பா. ஒரு வயர் என் ஸ்கிரீனுக்கு, இன்னொன்று சுவரில் இருக்கும் டிவிக்கு. புடவை வியாபாரிகள் உட்கார்ந்த இடத்திலேயே டிசைனைப் பார்க்கலாம்.

"அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்? வேற வீடியோ ஓடுதில்ல? கம்முனு இரு."

கோச்சிங்காரர்களுக்குப் போன் போட்டேன். லைன் கிடைக்கவே மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது. ஒரு பெண் எடுத்தாள். சின்ன வயசுக் குரல். நான் அவளைப் பேசவே விடவில்லை.

"காசு வாங்கிகினு கறுப்புப் படம் காட்டுறீங்களா? ஏமாத்துற கம்பெனியா நீங்க?"

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "திட்டி முடிச்சிட்டீங்கன்னா ஒண்ணு ஒண்ணா பாக்கலாமா சார்?" என்றாள்.

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பிரவுசரைப் புதுசாக்கச் சொன்னாள். தேதி, நேரம் சரியா என்று பார்க்கச் சொன்னாள். இன்னொரு பிரவுசரில் போடச் சொன்னாள். செட்டிங்கில் எதையோ அணைக்கச் சொன்னாள். எல்லாம் செய்தேன். கறுப்பு போகவில்லை. நடுவில் லைன் கட்டானது. இத்தோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவளே திரும்பக் கூப்பிட்டாள். அவளுக்கு அது சாப்பாட்டு நேரம். பின்னால் யாரோ சாப்பிடக் கூப்பிடுவது கேட்டது. "நீங்க போங்க, வரேன்" என்றாள்.

மணி ஒன்றே முக்கால். மூன்றுக்குள் ஓடாவிட்டால் பாடத்தை முடிக்க முடியாது. சம்சாரம் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"கம்ப்யூட்டர்ல இருந்து ஸ்கிரீனுக்கு வயர் நேரா போவுதா சார்? நடுவுல எதாவது மாட்டியிருக்கா?" என்று போனில் அந்தப் பெண் கேட்டாள்.

"நேராதான்" என்றேன்.

"எங்க நேரா?" என்று பின்னாலிருந்து சத்தமாக ஒரு குரல். "நடுவுல டப்பா இருக்குதும்மா! காத்தாலயே சொன்னேன், இவர் கேட்டாத்தான!"

அது போனிலும் கேட்டுவிட்டது. அந்தப் பெண் சொன்னாள்: "அதான் சார். சில டப்பா நடுவுல இருந்தா, யாரோ காப்பி எடுக்குறாங்கன்னு நெனச்சி வீடியோ படத்த மூடிக்கும். பூட்டு இல்லாத வீடியோவுக்கு அந்தக் கவலை இல்ல, அது பாட்டுக்கு ஓடும்."

எனக்குச் சட்டென்று விளங்கியது. புது டிசைன் தறியில் இருக்கும்போது வெளியாள் வந்தால், நாங்கள் புடவை மேல் ஒரு துணியைப் போட்டு மூடுவோம். நானே எத்தனையோ தரம் மூடியிருக்கிறேன். அந்த வீடியோ செய்ததும் அதே வேலைதான். அதில் கோளாறே இல்லை.

டப்பாவைப் பிடுங்கினேன். வயரை நேராக ஸ்கிரீனில் சொருகினேன். பிரவுசரை மூடித் திறந்தேன். வெள்ளைப் போர்டுக்கு முன்னால் வாத்தியார் நின்றுகொண்டிருந்தார்.

"தோ வந்துட்டாரு" என்றாள் சம்சாரம். நோட்டைத் திறந்துவிட்டாள். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

போன் என் கையில்தான் இருந்தது. மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

"தப்பு என் பேர்லதாம்மா. கண்டபடி பேசிட்டேன். மனசுல வெச்சிக்காத. போய் சாப்பிடு."

சிரித்தாள். "அக்கா பாஸ் பண்ணா ஒரு போன் பண்ணுங்க சார்."

பாஸ் பண்ணினாள். இப்போது சேத்துப்பட்டில் ஓர் ஆபீசில் வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். சேதி சொல்லக் கூப்பிட்டேன். வேறு யாரோ எடுத்தார்கள். அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. அன்று பேசிய பெண்ணிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். சொன்னார்களோ இல்லையோ.

தறியில் இழை அறுந்தால் கடைசியாகக் கை வைத்த இடத்தைத்தான் முதலில் பார்ப்பேன். அன்று அதைச் செய்யவில்லை. கடைசியாகக் கை வைத்தவன் நான் என்பதால்.

டப்பா இன்னும் இருக்கிறது. வியாபாரி வந்தால் மாட்டுவேன், போனதும் கழற்றுவேன். கழற்றும்போதெல்லாம் அன்று பார்க்காமலே "நேராதான்" என்று சொன்னது ஞாபகம் வரும். இப்போது யாராவது எதையாவது கேட்டால், ஒரு தரம் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.