பியூலா வரைந்த கடிதம்

பியூலாவுக்குத் தமிழ் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. செகந்திராபாத் பக்கம் மல்காஜ்கிரியில் பிறந்து, முதலில் தெலுங்குப் பள்ளியிலும் பிறகு இங்கிலீஷ் பள்ளியிலும் படித்தவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தமிழ்ப் பாட்டுப் புத்தகத்தைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு எல்லாப் பாட்டையும் மனப்பாடமாகப் பாடிவிடுவாள். பக்கத்தில் நிற்பவர்களுக்குக்கூடத் தெரியாது.

படித்து முடித்ததும் ஒரு அரசுத் தொழிற்சாலையில் இயந்திர வரைபடங்களை நகலெடுக்கும் தற்காலிக வேலை கிடைத்தது. 1976-ல் செகந்திராபாத் கல்லூரி ஒன்றில் அச்செழுத்துக்கென்றே ஒரு மையம் திறந்தார்கள். தெலுங்கு, உருது, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழி எழுத்துகளையும் ஆராய்ந்து புது வடிவங்கள் வரைவது அங்கே வேலை. நேர்காணலில் மையத்தின் தலைவர் அப்துல் ரஹீம், "தமிழ் எழுதப் படிக்க வரும்தானே?" என்று உருதுவில் கேட்டார். நிரந்தர வேலை. பியூலா, "ஹவ் சார்" என்று ஆமாம் போட்டுவிட்டாள்.

இரண்டு வருஷம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மையத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. எழுத்துகளுக்கெல்லாம் மையத்தில் எண் கொடுத்திருந்தார்கள். பியூலா எண்ணைப் பார்த்து வரைந்தாள். என்ன ஒலி என்று தெரியாததாலோ என்னவோ, வளைவையும் இடைவெளியையும் மட்டுமே பார்த்தாள். அவள் எழுத்துகள் ஒன்றோடொன்று அவ்வளவு இணக்கமாக நின்றன. மெட்ராஸிலிருந்து வந்தவர்கள்கூடப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

1978-ல் கண்காட்சி வைக்க முடிவானது. ஒவ்வொரு மொழிக்கும் புது எழுத்துகளைக் காட்டும் ஒரு மாதிரித் தாள், ஐந்நூறு பிரதி.

"புத்தகத்திலிருந்து எடுப்பது நக்கோ, வேண்டாம்" என்றார் ரஹீம். "ஜனங்கள் வீட்டில் எழுதும் பாஷையில் இருக்கட்டும். உங்கள் வீட்டுக்கு வந்த பழைய கடிதம் ஏதாவது ஒன்றைப் போடுங்கள்."

மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். அன்று சாயங்காலமே அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அப்பா தனசிங் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து, எட்டு வருஷம் முன்பு காலமானவர். அம்மா செல்லம்மாவுக்கு எந்த மொழியிலும் எழுத்துக் கிடையாது. பெட்டியில் பத்துப் பன்னிரண்டு கடிதங்கள் கிடந்தன. எல்லாம் கோழிக் கிறுக்கல். ஒன்று மட்டும் தெளிவான கையெழுத்து, மேலே 12-3-1956 என்று தேதி. அதை எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு எழுத்தாகத் தன் எண்களோடு ஒப்பிட்டு, நகல்களை வெட்டி ஒட்டி முடிக்க ஒன்பது நாள் ஆனது.

கண்காட்சி அன்று தாள் சுவரில் பெரிதாகத் தொங்கியது. பியூலா பக்கத்தில் நின்றிருந்தாள். மத்தியானம் கோவிந்தராஜன் என்றொருவர் வந்தார். ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் அச்சுப் பிரிவில் இருப்பவர். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கூட வந்த மனைவிக்காக வாய்விட்டே வாசித்தார்.

"அன்புள்ள அப்பாவுக்கு, உங்கள் மகள் ஜெயசுந்தரி எழுதிக்கொள்வது. அம்மா சென்ற சனிக்கிழமை இறந்துவிட்டார்கள். தந்தி கொடுத்தும் நீங்கள் வரவில்லை. செகந்திராபாத்தில் உங்களுக்கு வேறு குடும்பம் இருப்பதைச் சித்தப்பா சொல்லிவிட்டார்கள். ஆறு வயதில் எனக்கு ஒரு தங்கை இருக்கிறாளாம். அவளையாவது எனக்குக் காட்டுங்கள்."

அவர் திரும்பிப் பார்த்தார். "நல்ல கற்பனைம்மா. நீங்களே எழுதினதா?"

1956-ல் பியூலாவுக்கு ஆறு வயது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், இன்னொரு தடவை வாசிங்க" என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். பாதியில் அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. மீதியை மெதுவாக, ஒரு சொல் விடாமல் வாசித்தார். கடைசியில் வீட்டு முகவரியும் இருந்தது. அப்பாவின் சொந்த ஊர், நாசரேத்.

வீட்டுக்கு எந்த பஸ்ஸில் போனாள் என்று பிறகு அவளுக்கு நினைவில்லை. அடுப்படியில் இருந்த அம்மாவிடம், "அப்பாவுக்கு ஊர்ல இன்னொரு மக இருந்தாளாம்மா?" என்று கேட்டாள்.

செல்லம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஆமா, இருந்தா. நீ பிறந்த பொறவுதான் எனக்கே தெரியும். அந்தக் கடுதாசி வந்தன்னைக்கு உங்க அப்பா அதை வாசிச்சுக் காட்டினாவ. அழுதாவ. ஆனா பதில் போடல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான தமிழ்ப் பள்ளிக்கூடத்துலயே சேர்க்கல. வாசிக்கத் தெரிஞ்சா பெட்டியத் தொறப்பா, ஊருக்கு எழுதுவான்னு சொன்னாவ. நானும் சரின்னுட்டேன்."

முதல் அதிர்ச்சியையாவது தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இது அப்படி இல்லை. அவளுக்கு என்ன தெரிய வேண்டும், என்ன தெரியக் கூடாது என்று அவளுக்கு ஆறு வயது இருக்கும்போதே இரண்டு பேர் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். பியூலா அன்று சாப்பிடவில்லை. ஒரு வாரம் அம்மாவிடம் பேசவும் இல்லை.

திங்கட்கிழமை ரஹீமிடம் போய், எழுதப் படிக்கத் தெரியும் என்று சொன்னது பொய் என்றாள். தாளில் இருப்பது என்ன என்றும் சொன்னாள். அவருக்கும் அடி விழுந்த மாதிரிதான் இருந்தது.

"மிச்சப் பிரதிகளைக் கிழித்துவிடலாம்" என்றார்.

"வேண்டாம் சார். அதுல பொய் ஒண்ணும் இல்ல."

வேலை போகவில்லை. ஆனால் மூன்று மாதத்தில் வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். மூன்று வாரம் போதுமாக இருந்தது; எழுத்துகளின் உருவம் எல்லாம் விரல்களுக்கு ஏற்கனவே தெரியும், ஒலியைச் சேர்ப்பதுதான் பாக்கி. அவள் தமிழில் எழுதிய முதல் கடிதம் நாசரேத்துக்குப் போனது. கூடவே அந்த மாதிரித் தாளையும் மடித்து வைத்தாள்.

இரண்டு மாதம் பதில் இல்லை. பிறகு ஒரு கார்டு வந்தது. மே மாத விடுமுறையில் வருவதாக இரண்டே வரி.

ஜெயசுந்தரி ஆசிரியை. நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. தனசிங்கின் அதே அகலமான நெற்றி. செகந்திராபாத் ஸ்டேஷனில் இறங்கியவளைப் பார்த்ததும் பியூலா ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டாள். முதல் இரண்டு நாள் ஜெயசுந்தரி செல்லம்மாவின் பக்கம் திரும்பவே இல்லை. மூன்றாம் நாள் காலையில் செல்லம்மா சீப்போடு வந்து, "கை தூக்க முடியல, கொஞ்சம் வாரி விடுதியா?" என்று கேட்டாள். ஜெயசுந்தரி யோசித்தாள். பிறகு சீப்பை வாங்கி, சிக்கெடுத்து, இறுக்கமாகப் பின்னி முடித்தாள்.