மடிக்காத விளிம்பு

தார் டிரம்மை நெடுக வெட்டிப் பிரித்து, சம்மட்டியால் எவ்வளவு தட்டினாலும் அந்தத் தகடு முழுசாக நிமிராது. டிரம்மாக இருந்த வளைவு கொஞ்சம் தங்கிவிடும். "நமக்கு அதானேப்பா வேணும்? சக்கரம் இன்னா சதுரமாவா இருக்குது?" என்றார் முதலாளி. மரக்காணம் உப்பளத்தில் நான் ஓட்டிய லாரியின் பின்சக்கரங்களுக்கு, பழைய மட்கார்டை உப்பு தின்றுவிட்டதால், நாங்களே புதிது செய்துகொண்டிருந்தோம். அவர் சொன்னதில் நான் சொக்கிப்போனேன். பேச்சு அழகாக இருந்தால் பேசுகிறவரைப் பார்க்காமல் பின்னால் போகிற புத்தி எனக்கு.

தகட்டை வளைத்து போல்ட் போட்டாயிற்று. வெட்டிய விளிம்பு கத்தியாக நின்றது. அதை மடித்து, மடிப்புக்குள் ஒரு கம்பி வைத்துத் தட்டினால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். எங்களுக்கு மட்கார்டு சேறு தடுக்க மட்டும் இல்லை, அதுதான் ஏணி. லாரியில் கொட்டிய உப்பைப் பரப்ப ஏறுகிறவர்கள் டயரில் ஒரு கால், மட்கார்டில் ஒரு கால் வைத்துத்தான் ஏறுவார்கள். எல்லாம் வெறுங்கால். செருப்பு பட்டால் உப்பு அழுக்காகிவிடுமாம்.

இதை முதலாளியிடம் சொன்னேன். "எப்படியும் உப்பு தின்னப்போற தகடு. சாவப்போற மாட்டுக்கு எதுக்குடா லாடம்?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சம்மட்டியைக் கீழே வைத்தேன்.

மூன்றாம் நாள், உப்பு பரப்புகிற அக்கா ஏறும்போது டயரில் கால் வழுக்கியது. மற்றக் காலின் நடுப்பாதத்தில் தகடு இறங்கிவிட்டது. கீழே தேங்கிய உப்புத் தண்ணீரில் விழுந்து, அந்தக் காலை அதிலேயே ஊன்றி எழுந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். முதலாளி ஓடிவந்தார். குனிந்தார். மட்கார்டைத் தடவிப் பார்த்தார். "நல்லவேள, வளையல," என்றார்.

அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். இதிலிருந்து விழுந்த பேச்சையா இத்தனை நாள் பொறுக்கிப் பொறுக்கி வைத்துக்கொண்டேன் என்று அருவருப்பாக இருந்தது.

தையல் போட்டுக் கூட்டிவரும்போது அக்காவிடம், "முதலாளிதான்க்கா மடிக்க வேணாம்னு சொல்லிட்டாரு," என்றேன்.

"அவரு சொன்னாருப்பா. சம்மட்டி யாரு கையில இருந்துச்சி?"

மறுநாள் யாரையும் கேட்காமல் எல்லா விளிம்பையும் மடித்துக் கம்பி வைத்தேன். மொத்தமும் ஒரு மணி நேர வேலை.

அக்கா பிறகு உப்பளத்துக்கு வரவில்லை. இன்றும் அந்தக் காலில் குதிகாலை மட்டும் ஊன்றித்தான் நடக்கிறார். முதலாளி இன்றும் டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிறார், கூட்டம் சிரிக்கிறது. போன வாரம் ஏதோ சொன்னார். "இன்னாமா பேசுறாரு பாத்தியா," என்று பக்கத்திலிருந்தவர் என் தோளைத் தட்டினார். எனக்கும் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தேன்.