வேக நேரமில்லாத கல்

நியூசிலாந்தில் நாங்கள் இருக்கும் ஊரில் கொல்லையைக் கொத்தினால் தண்ணீரில் மிதக்கும் கல் வருகிறது. ஊருக்குப் பக்கத்தில் நிற்கும் எரிமலை எப்போதோ துப்பியதாம். நம் திருப்பனந்தாள் பக்கத்து வயலில் ஒரு கல் அகப்பட்டால், யார் கொண்டுவந்து போட்டது என்று கேட்போம். இங்கே ஊரே கல்லின் மேல்தான் இருக்கிறது. அந்தக் கல்லுக்குள் இருக்கும் படிகங்களை ஆராய்வதுதான் என் மகள் செல்விக்கு உத்தியோகம். அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்குப் புரியும்படி ஒருநாள் சொன்னாள். மலைக்கடியில் ஆறிக் கிடக்கும் படிகத்துக்குள் ஆர்கான் என்று ஒரு வாயு நாள்பட நாள்பட ஊறிச் சேருமாம். மாக்மா என்கிற கல்குழம்பில் அந்தப் படிகம் வெகுகாலம் வெந்தால் வாயு முழுக்க வெளியே போய்விடுமாம்.

"இந்த மலையோட கல்லுல பழைய வாயு உள்ளயே இருக்கும்மா," என்றாள்.

எனக்கு நெல் அவித்தது நினைவுக்கு வந்தது. அண்டாவில் ஆவி கிளம்பியதும் நாலு நெல்லை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்ப்போம். நடுவில் வெள்ளை தெரிந்தால் இன்னும் வேகவில்லை, அவசரமில்லை. மலையும் அப்படித்தான் என்று எண்ணிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு மார்கரெட் என் வயதுக்காரர், தனியாள். மலை புகைகிறதென்று மகன் வீட்டுக்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். யாரிடமும் வாய் திறக்காத நான் வேலியோரம் போய் நின்று, "மவுண்டன் நோ குக். ஸ்டில் டைம்," என்றேன். செல்வியின் அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் பெட்டியைப் பிரித்துவிட்டார்.

சாப்பிடும்போது இதைச் செல்வியிடம் சொன்னேன். எடுத்த கவளத்தை அப்படியே தட்டில் போட்டாள்.

"ஐயோ அம்மா, அது ஒன் நெல்லு அண்டா இல்ல. அந்தக் கல்லு ஏற்கெனவே வெடிச்சு வெளிய வந்தது. வேக நேரமே இல்லாம வந்திருக்கு. சூடு ஏறிடுச்சுன்னா இந்த மல ரொம்ப நாள் காத்திருக்காதுன்னு அர்த்தம்."

"அப்ப நம்ம?"

"மலையப் பாத்துக்கிட்டு இருக்கத்தாம்மா எனக்குச் சம்பளமே."

அப்போதே அவளை மார்கரெட் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொல்ல வைத்தேன். கேட்டுவிட்டு, "உன் அம்மா இனி சோறு மட்டும் வடிக்கட்டும்," என்று சிரித்தார். பிரித்த பெட்டியை மறுபடியும் கட்ட ஆரம்பித்தார். மறுநாள் காலை மகனுடைய காரில் ஏறும்போது, செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி வீட்டுச் சாவியை என் கையில் வைத்தார்.

திருப்பனந்தாளில் பூட்டிக் கிடக்கும் நம் வீட்டுச் சாவி என் சுருக்குப் பையில்தான் இருக்கிறது. அதோடு இதையும் போட்டு இறுக்கினேன். ஆளில்லாத இரண்டு வீட்டுக்குச் சாவி வைத்திருக்கிறேன். நான் படுத்து எழும் வீட்டுக்குச் சாவியே கிடையாது, கதவில் எண் அழுத்த வேண்டும். அந்த எண் மகளுக்குத்தான் தெரியும்.