கட்லா கடிக்காத ஞாயிறுகள்

கடலைப் புண்ணாக்கையும் மைதாவையும் ஒன்றாகப் பிசைந்து, ஏலக்காய்த் தூளைத் தூவி, எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டி என் உள்ளங்கையில் வைத்தார் மச்சான். "மோந்து பாரு மாப்ள" என்றார். பாயசமும் மாட்டுத் தீனியும் ஒரே பாத்திரத்தில் வெந்தது போல ஒரு வாசம். "இத விட்டுட்டு கட்லா மீனு எங்கன போயிரும்?" என்று கேட்டார். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி இருக்கும். காமயகவுண்டன்பட்டிப் பக்கத்துக் குளம். பெரியாற்றுத் தண்ணீர் வந்து சேர்ந்து முக்கால்வாசி நிறைந்து கிடந்தது. கட்லா எங்கே போனதோ தெரியாது. அன்றிலிருந்து கார்த்திகை வரைக்கும் எங்கள் தூண்டில் பக்கம் மட்டும் அது வரவில்லை.

மச்சான் என் அக்காவின் வீட்டுக்காரர். உத்தமபாளையத்தில் இருந்துகொண்டு திராட்சைத் தோட்டம் பார்ப்பவர். நான் பஸ் கண்டக்டர். இருபது வருஷமாக ஓடுகிற பஸ்ஸில் நின்றே பிழைத்தவன், ஓடாத தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் எப்படியிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். அரை மணி நேரத்துக்குள் கால் நமநமக்க ஆரம்பித்துவிடும். எழுந்து நடப்பேன், உட்காருவேன், மறுபடி எழுவேன். என் நிழல் தண்ணீரில் விழுந்தால் மீன் கலைந்துவிடும் என்று மச்சான் பல்லைக் கடிப்பார். நிழல் விழாத இடமாகப் பார்த்து நின்றால் என்னை அறியாமல் விசில் அடித்துவிடுவேன். "யோவ் மாப்ள, இது பஸ்ஸு இல்லய்யா" என்பார். என் வார ஓய்வு புதன்கிழமை. அதை ஞாயிறுக்கு மாற்றித் தரச் சொல்லி டிப்போவில் நான் கெஞ்சாத ஆள் கிடையாது. மீனுக்காக ஒருவன் அப்படிக் கெஞ்சுவானா?

மீன் ஒரு சாக்குதான். எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும், குளத்தில் துணி துவைக்க வரும் பெண்களுக்கும் தெரியும். மச்சானின் ஒரே மகள் நான்கு வருஷத்துக்கு முன்னால் தானாகப் பார்த்து ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் இந்தக் குளத்தை மீன் குத்தகைக்கு எடுத்தவர்களில் ஒருவன். பதிவாளர் அலுவலக வாசலில் ஊரே பார்க்க மச்சான் சொன்னார்: "ஒன் வீட்டு வாசப்படிய மிதிச்சேன்னா நான் மனுசனில்ல." அவளும் அவர் பெற்ற பிள்ளைதானே. "நீங்களா எங்க வாசலுக்கு வந்து கூப்புடுற வரைக்கும் நானும் அங்கன வரமாட்டேன்" என்றாள். அதோடு சரி. இரண்டு பேருமே சொன்ன சொல்லைக் கட்டிக்கொண்டு நான்கு வருஷம் ஓட்டிவிட்டார்கள்.

இந்த ஆடியில்தான் அவள் முழுகாமல் இருக்கிற சேதி வந்தது. எங்கள் பக்கம் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். பெற்றவர்கள் மகளின் வாசலுக்குப் போய், வளையல் போட்டு, கையோடு அழைத்து வர வேண்டும். அழைக்காமல் போனால் அந்தப் பெண்ணுக்குப் பிறந்த வீடே இல்லை என்று அர்த்தம். சேதி கேட்ட அன்று மச்சான் சாப்பிடவில்லை. மறுநாள் போனில் பார்த்து, நரம்பு சுற்றுகிற சுருள் வைத்த நீலத் தூண்டில் கம்பு ஒன்றை வரவழைத்தார். இளவட்ட வயசில் பிடித்ததோடு சரி, அதற்கப்புறம் தூண்டிலைத் தொட்டதே இல்லை அவர். "ஞாயித்துக்கெழம கொளத்துக்குப் போறேன், நீயும் வர்றியா மாப்ள?" என்று கேட்டார். எந்தக் குளம் என்று நான் கேட்கவில்லை.

உட்காரும் இடத்தை அவரே தேர்ந்தெடுத்தார். தென்கரையில் ஒரு மருதமரம், அதற்கு நேர் எதிரே குளத்தின் பெரிய கரை. கரைக்கு அந்தப் பக்கம் கீழே அவள் வீடு, கரையின் கோடியில் மடை, மடைக்குப் பக்கத்தில் மருமகன் காவல் இருக்கிற குடிசை. எட்டரை மணி டவுன் பஸ் ஊருக்குள் போய்த் திரும்பும். அது திரும்பின கையோடு அவள் தூக்குவாளியோடு கரைமேல் ஏறுவாள். வீட்டிலிருந்து குடிசை வரைக்கும் முந்நூறு அடி இருக்கலாம். அந்த முந்நூறு அடியைத்தான் மச்சான் வாரம் முழுக்கக் காத்திருந்து பார்க்க வந்தார். அவள் இந்தப் பக்கம் திரும்பமாட்டாள். இவரும் தலையைத் தூக்கமாட்டார். தக்கையைப் பார்ப்பது போலவே பார்ப்பார். தக்கை ஒரு பக்கம் கிடக்கும், கண் இன்னொரு பக்கம் போகும், அதைப் பார்க்காத மாதிரி நான் மேகமலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

குத்தகைக் குளத்தில் வெளியாள் தூண்டில் போடக்கூடாது. விரட்டுவார்கள், கம்பைப் பிடுங்குவார்கள். மச்சான் அதற்கும் தயாராகத்தான் வந்திருந்தார் என்று நினைக்கிறேன். மருமகன் வந்து ஒரு வார்த்தை விரட்டினால் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசலாம், சண்டையாவது பேச்சுதானே. ஆனால் அவன் வரவில்லை. காவல்காரர் ஒருவர் மட்டும் ஒருநாள் அந்தப் பக்கமாக வந்து, "வெயிலு ஏறுது, நெழலப் பாத்து ஒக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மச்சானுக்கு முகம் தொங்கிப் போய்விட்டது.

மீன் விஷயத்திலும் அதே கதைதான். ஆவணியில் காற்று. தூண்டிலை வீசினால் நரம்பு வளைந்து ஆகாயத்தாமரைக்குள் போய் விழும். புரட்டாசியில் மழை, குளம் செம்மண் கரைசலாகிவிட்டது. ஜிலேபிக் கெண்டைகள் வேறு மாவை முள்ளிலிருந்து சுத்தமாகக் கொறித்துவிட்டுப் போகும். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் இழுத்து, மாவு வைத்து, மறுபடி வீச வேண்டும். மச்சான் அலுக்காமல் வீசினார். நான்தான் வெந்து போனேன். வாரம் கூடக் கூட எதிர்க்கரையில் அவள் நடை மாறிக்கொண்டே வந்தது. முதலில் கொஞ்சம் மெதுவாக. அப்புறம் ஒரு கையை இடுப்பில் ஊன்றி. அப்புறம் நடுவில் ஒருதரம் நின்று மூச்சு வாங்கி. வீடு திரும்பினால் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பாள், "வந்தாளாடா? என்ன சேல கட்டியிருந்தா? வயிறு எறங்கியிருக்கா?" அக்காவிடம் இருந்தது பட்டன் போன். பேச்சுக் கேட்கும், வயிறு தெரியாது. நான் சொல்வதை அவள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்பாள். அந்த நேரத்தில் மச்சான் பக்கத்து அறையில் எதையோ தேடுவது போல உருட்டிக்கொண்டிருப்பார்.

ஐப்பசி கடைசியில் எனக்குப் பொறுமை செத்துவிட்டது. "மச்சான், ஒம்பதாம் மாசம் பெறக்கப் போகுது. இன்னும் எத்தன நாளு இங்கன ஒக்காந்து மாவு உருட்டப் போறீக?" என்று கேட்டே விட்டேன். அவர் தக்கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கட்லா கடிக்கட்டும் மாப்ள" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் புண்ணாக்கு உருண்டைகளை அள்ளிக் குளத்தில் கொட்டியிருப்பேன்.

அதற்கடுத்த ஞாயிறு மச்சான் தோட்டத்தில் மருந்தடிக்க ஆள் விட்டுவிட்டு வருவதாகச் சொன்னதால், நான் ஆறு மணிக்கே தனியாகப் போய்விட்டேன். மருதமரத்துக்கு நேராகத் தண்ணீரில் ஒரு பரிசல் நின்றது. மருமகன் அதில் குந்தி உட்கார்ந்து சாக்கிலிருந்து தவிடும் புண்ணாக்குமாக அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் திருடன் மாதிரி விழித்தான். "மாமா வாராவாரம் வெறுங்கையோட போறாக. பாக்கச் சகிக்கல. இங்கன தீனி போட்டா மீனு இங்கனயே நிக்கும்ல? அதான், ஞாயித்துக்கெழம விடிய வந்து போட்டுட்டுப் போயிருவேன்" என்றான். எத்தனை நாளாக என்று கேட்டேன். "ஆடியில இருந்து."

எனக்குச் சிரிப்பதா அவனை அறைவதா என்று தெரியவில்லை. தீனி போட்டு ஓரிடத்தில் மீனைச் சேர்ப்பது வலைக்காரன் பழக்கம். சேர்ந்ததும் வலையை வளைத்துவிடலாம். அவனுக்குத் தெரிந்த மீன்பிடி அது ஒன்றுதான். வயிறு முட்டத் தின்ற கட்லா முள்ளில் இருக்கிற ஒரு உருண்டை மாவைத் தேடி வருமா? "அட கிறுக்கா, நாலு மாசமா நீதான்டா அவரு தூண்டில்ல மண்ணப் போட்டிருக்க" என்றேன். அவனுக்குப் புரிந்தபோது முகம் சுருங்கிவிட்டது. இனிமேல் போடமாட்டேன் என்றான். "மாமாட்ட மட்டும் சொல்லீராதீக" என்றும் கேட்டுக்கொண்டான். கிளம்பும்போது நான் சும்மா இருக்காமல், நிறைமாசத்துக்காரியைத் தினமும் கரைமேல் நடக்க விடுகிறாயே, நீ வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டால் என்ன என்று கேட்டேன். "நான் வீட்டுலதான் சாப்புடுறேன். ஞாயித்துக்கெழம மட்டுந்தான் அவ தூக்குவாளியத் தூக்கிட்டு வருவா. சொன்னாக் கேக்கமாட்டேங்குறா" என்றான். நான் மரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு ஒரு மணி நேரம் என் கால் நமநமக்கவில்லை. என் வயிற்றில் எந்த ரகசியமும் தங்காது, அக்காவே சொல்வாள். இந்த இரண்டையும் ஏழு நாள் எப்படி உள்ளே வைத்திருந்தேன் என்பது எனக்கே ஆச்சரியம்.

அடுத்த ஞாயிறு வந்தது. மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. அன்று குளத்து மீனுக்குத் தீனி கிடையாது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். எட்டே கால் வாக்கில் தக்கை ஒருதரம் நடுங்கியது. ஜிலேபிக் கெண்டை கொத்தினால் தக்கை துள்ளும். இது துள்ளவில்லை. நிதானமாகச் சாய்ந்து தண்ணீருக்குள் இறங்கியது. மச்சான் எழுந்து கம்பைச் சுண்டி இழுத்தார். சுருள் அலறியது. நாற்பது அடி தள்ளி ஒரு பெரிய வால் தண்ணீரை அறைந்துவிட்டு உள்ளே போனது. கட்லாதான். தலை மட்டும் பானை அளவு இருந்தது. "விட்டுப் பிடிங்க மச்சான், விட்டுப் பிடிங்க" என்று நான் பஸ்ஸில் கத்துவது போலக் கத்தினேன். அவர் முழங்கால் வரைக்கும் சேற்றில் இறங்கி, நரம்பை விட்டு, சுருட்டி, விட்டு, சுருட்டி, கால் மணி நேரம் அதோடு மல்லுக்கட்டினார். முகத்தில் அப்படி ஒரு களை. நான்கு மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அந்த நேரம் பார்த்து எட்டரை மணி பஸ் ஊருக்குள் போனது. திரும்பியும் வந்தது, ஆரன் சத்தம் கேட்டது. மச்சான் மீனைப் பிடித்தபடியே எதிர்க்கரையைப் பார்த்தார். தக்கையைப் பார்ப்பது போலெல்லாம் இல்லை, நேராகத் தலையைத் தூக்கிப் பார்த்தார். கரை காலியாக இருந்தது. கட்லா களைத்துப் போய்ப் பக்கவாட்டில் புரண்டுகொண்டிருந்தது, இன்னும் பத்தடி இழுத்தால் கையால் எடுத்துவிடலாம். "இழுங்க மச்சான்" என்றேன். அவர் இழுக்கவில்லை. "மாப்ள, பஸ்ஸு போயிருச்சுல்ல?" என்று கேட்டார். போய்விட்டது என்றேன். "அவ வரலயே" என்றார். நான்கு வருஷத்தில் அவர் அவளைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். சொல்லிவிட்டுக் கம்பைக் கைவிட்டார். நீலக் கம்பு தண்ணீரில் சறுக்கிக்கொண்டு போனது. நான் பாய்ந்து பிடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. திரும்பினால் அவர் அதற்குள் கரைமேல் ஓடிக்கொண்டிருந்தார்.

அந்தக் கம்பு இன்றும் குளத்துக்குள்தான் எங்கேயோ கிடக்கிறது. எத்தனையோ முறை வலை இழுத்துவிட்டார்கள், அகப்படவில்லை. மச்சானும் அதைப் பற்றிக் கேட்டதில்லை, வேறு கம்பு வாங்கவும் இல்லை. எனக்கு மறுபடி புதன்கிழமையே ஓய்வாகிவிட்டது. ஆனாலும் அந்த ரூட்டில் டூட்டி விழுந்தால், குளத்துப் பக்கம் வரும்போது குனிந்து கரையைப் பார்க்கிறேன். சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் என்னைக் கூப்பிடுவார்கள். அவள் எப்போது வருவாள் என்று நான்கு மாதம் பதறிய பதற்றம் என் உடம்பை விட்டுப் போகவே இல்லை.

அன்றைக்கு நாங்கள் ஓடி வருவதைப் பார்த்ததும் காவல் குடிசையில் மருமகன் எழுந்து நின்றான். மச்சானுக்கு மூச்சு இரைத்தது. "எங்கய்யா அவ?" என்றார். மரியாதை பார்க்கவில்லை, முறைப்பும் இல்லை. "காலு வீங்கிக் கெடக்கு மாமா. நடக்க வேணாம்னு டாக்டரம்மா சொன்னாக. வீட்டுலதான் இருக்கா" என்றான் அவன். மச்சான் கரையிலிருந்து சரிவில் இறங்கிய வேகத்தைப் பார்த்து விழுந்துவிடுவாரோ என்று நானும் பின்னாலேயே ஓடினேன். வாசலில் நிற்பார், கூப்பிடுவார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. முழங்கால் வரைக்கும் சேறோடு வாசப்படியை மிதித்து நேரே உள்ளே போய்விட்டார்.

அவள் சுவரில் சாய்ந்து, காலை நீட்டிப் பாயில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவைப் பார்த்தாள். தரையில் அவர் பதித்துவிட்டு வந்த கறுப்புச் சேற்றுத் தடங்களைப் பார்த்தாள்.  அவள்தான் முதலில் பேசினாள். "கால கழுவிட்டு வாங்கப்பா. இப்பத்தான் அவரு வீட்டத் தொடச்சுட்டுப் போனாரு." மச்சான் உடனே வெளியே வந்தார். குழாயடியில் அவசர அவசரமாக ஒரு காலைக் கழுவிவிட்டு மறுபடி உள்ளே போனார். "இன்னொரு காலு?" என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது. திரும்ப வெளியே வந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, குழாயை நானே திறந்துவிட்டேன். இந்த முறை இரண்டு காலையும் விரலிடுக்கு விரலிடுக்காகத் தேய்த்துக் கழுவினார். வாசப்படிக்கு வெளியே நின்று நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கிக் காட்டினார், அப்புறம் இன்னொரு காலைத் தூக்கிக் காட்டினார்.

"இப்ப வரலாமா ஆத்தா?" என்று கேட்டார்.