நோவோடு நாற்பத்துநான்கு மைல்

மார்கழி மழை சற்று விட்டிருந்த ஒரு காலை, ஆறரை மணிக்கு, வவுனிக்குளம் குடியேற்றத்தில் எங்கள் காணிப் படலை வாசலிலிருந்து மாட்டுவண்டி புறப்பட்டது. அங்கிருந்து வவுனியா ஆஸ்பத்திரிக்கு நாற்பத்துநான்கு மைல். மல்லாவிக்கு நாலு மைல் மண்பாதை. மல்லாவியிலிருந்து மாங்குளத்துக்குப் பத்து மைல் கிரவல் ரோட்டு. அதற்கப்பால் தெற்கே முப்பது மைல் தார் ரோட்டு. ஐம்பதுகளின் கடைசியில் நான் அந்தத் தூரத்தை வைக்கோல் மேல் படுத்தபடி, தலைப்பிள்ளை நோவோடு கடந்தேன்.

காணி கிடைத்துச் சாவகச்சேரியிலிருந்து நாங்கள் வன்னிக்கு வந்து அப்போது இரண்டு வருடம். என் கணவர் நடராசா காடு வெட்டி, முதல் போக நெல்லைக் கண்டிருந்தார். எங்கள் பகுதிக்கு ஓர் அரசாங்க மருத்துவிச்சி இருந்தார். பவளம் அக்கா. சைக்கிளில்தான் வருவார். அன்று விடிந்ததும் வந்து என் வயிற்றைத் தடவிப் பார்த்தார். இரண்டு கைகளும் ஓரிடத்தில் அப்படியே நின்றுவிட்டன. எழுந்து வெளியே போனார். ஓலைத் தட்டிக்கு அப்பால் அவர் என் கணவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"தம்பி, பிள்ளை குறுக்கே கிடக்குது. தலை கீழை இல்லை. இஞ்சை வைச்சு என்னாலை ஒண்டும் செய்ய ஏலாது. தண்ணிக்குடம் உடைய முந்தி வவுனியாவுக்குக் கொண்டுபோகவேணும்."

"வழியிலை உடைஞ்சால், அக்கா?"

"நீங்கள் வண்டியைப் பூட்டுங்கோ" என்றார் பவளம் அக்கா.

அடுத்த வாய்க்கால் காணியில் இருந்த ஒருத்தி முந்திய மாரியில் இப்படித்தான் வண்டியில் ஏறினாள். மல்லாவியைத் தாண்டவில்லை. மத்தியானம் அதே வண்டி திரும்பி வந்ததை நான் வேலியோரம் நின்று பார்த்தேன். மாடுகள் மெதுவாக வந்தன. அவசரம் எதுவும் இருக்கவில்லை. வண்டியில் என்னைக் கிடத்தியபோது என் மனதில் வேறெந்த நினைவும் வரவில்லை, அந்த மாடுகளின் நடைதான் வந்தது.

மண்பாதையில் மழை வெட்டிய பள்ளங்கள். வண்டிச் சில்லு ஒரு பக்கம் இறங்கும்போதெல்லாம் பவளம் அக்கா என் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். என் கணவர் வண்டியில் ஏறவேயில்லை. மாடுகளின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி முன்னால் நடந்தார். பள்ளம் வரும்போது குரல் கொடுப்பார்.

"பள்ளம் வருது. யோகம், பிடிச்சுக்கொள்."

பிடித்துக்கொள்ள என்ன இருந்தது? வலது மணிக்கட்டில் வற்றாப்பளை அம்மன் கோயிலில் கட்டிய நூல் இருந்தது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டேன். முதலில் ஒழுங்காகத்தான் நேர்ந்தேன். அம்மாளே, வைகாசிப் பொங்கலுக்கு வாறன், பிள்ளையோடை வாறன் என்று. அடுத்த நோவில் சொற்கள் சிதறின. அதற்கடுத்த நோவில் "விடாதையணை, விடாதையணை" என்பது மட்டும் மிஞ்சியது. பயம் குறைந்ததா என்று கேட்டால், இல்லை. ஆனால் பயத்தைச் சொல்ல ஓர் ஆள் இருந்தது.

எட்டரை மணிக்கு மல்லாவி. அந்தக் காலத்து மல்லாவி என்றால் நாலைந்து கடைகளும் ஓர் அரசமரமும்தான். மாங்குளத்துக்குப் போகும் வாகனம் ஏதும் இருக்கவில்லை. நெல் வாங்க வந்திருந்த ஒரு லொறி மட்டும் கடை வாசலில் நின்றது. லொறிக்காரர் முல்லைத்தீவு முஸ்லிம் வியாபாரி, பெயர் காசிம். பாதி மூட்டைகள் ஏற்றியிருந்தார். என் கணவர் அவரிடம் ஓடினார். அவர்கள் பேசியது வண்டிக்குள் கிடந்த எனக்குக் கேட்டது.

"நானா, மனுசிக்குச் சரியான கடுமை. மாங்குளம் மட்டும் கொண்டுபோய் விடுவீங்களோ?"

"மாங்குளத்திலை என்ன இருக்கு?"

"அங்கையிருந்து வவுனியாவுக்குப் போறதுக்கு ஏதும் பிடிப்பன்."

"அங்கை போய் நிண்டு ஆரைப் பிடிக்கப் போறீர்? தங்கச்சியைத் தூக்கும். வவுனியாவுக்கே விடுறன்."

முல்லைத்தீவு கிழக்கே. வவுனியா தெற்கே. அவர் வழி அதுவல்ல. நெல் மூட்டைகளைத் தட்டையாக அடுக்கி, அதன் மேல் வைக்கோல் பரப்பி, என்னைக் கிடத்தினார்கள். மேலே படங்குத் துணியை இழுத்துக் கட்டினார்கள். வண்டியையும் மாடுகளையும் கடைக்காரர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பவளம் அக்கா என் கால்மாட்டில் ஒரு மூட்டையை வைத்து இடுப்பை உயர்த்தினார்.

மாங்குளத்துக்கு இன்னும் மூன்று மைல் இருக்கையில் லொறி நின்றது. தண்ணீர் பாயும் சத்தம் கேட்டது. இரவு பெய்த மழையில் பாலத்துக்கு மேலால் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. கைபிடி இல்லாத தாழ்ந்த பாலம். ரோட்டின் ஓரம் எது, ஆறு எது என்று தெரியவில்லை. காசிம் நானா இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஒரு சில்லு விலகினால் எல்லாரும் போயிடுவம்" என்றார்.

"தண்ணி வத்த எவ்வளவு நேரம் செல்லும்?" என்று பவளம் அக்கா கேட்டார்.

"பின்னேரம் ஆகும்."

"பின்னேரம் மட்டும் இவா இருக்கமாட்டா."

இதை அக்கா மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் கேட்டது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தும் சொன்னாரோ என்னவோ.

என் கணவர் வேலியில் ஒரு தடியை முறித்து எடுத்துக்கொண்டு வெள்ளத்தில் இறங்கினார். படங்கின் இடைவெளியால் நான் தலையைத் திருப்பிப் பார்த்தேன். இடுப்பளவு தண்ணீர். தடியால் ரோட்டின் விளிம்பைக் குத்திக் குத்திக் கண்டு, ஒவ்வோர் அடியாக நடந்தார். அவருக்கு நீந்தத் தெரியாது. ஒரு தரம் சறுக்கி மார்பு வரை போனார். அவர் நிமிர்ந்து கையைக் காட்டினார். காசிம் நானா "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி லொறியை இறக்கினார். தண்ணீர் பலகைக்கடியில் அடித்தது. பவளம் அக்கா "முருகா" என்றார். நான் அம்மாளைக் கூப்பிட்டேன். அந்த லொறியில் அன்று யாரும் யாரையும் கூப்பிடாமல் இருக்கவில்லை.

அக்கரை ஏறியதும் என் கணவர் லொறியின் பின்பலகையைப் பிடித்து ஏறி என் தலைமாட்டில் இருந்தார். நடுங்கிக்கொண்டிருந்தார். குளிரில் என்று சொன்னார்.

பத்தே காலுக்கு மாங்குளம். தார் ரோட்டில் லொறி ஓடத் தொடங்கியதும் எனக்குச் சற்று மூச்சு வந்தது. காசிம் நானா ஒவ்வோர் ஊரையும் முன்னாலிருந்து கத்திச் சொன்னார். கனகராயன்குளம். புளியங்குளம். இரண்டு பக்கமும் காடு. ஓமந்தை தாண்டியபோது மணி பதினொன்றேகால், வவுனியாவுக்கு எட்டு மைல்.

அங்கேதான் தண்ணீர்க்குடம் உடைந்தது.

வைக்கோல் நனைந்த சூட்டை உணர்ந்தேன். பவளம் அக்கா குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் இரத்தம் வற்றியதை நான் கண்டேன்.

"என்ன அக்கா?"

"ஒண்டுமில்லை. முக்காதை. என்ன வந்தாலும் முக்காதை, ராசாத்தி."

"என்னெண்டு சொல்லுங்கோ."

"கை வந்திட்டுது."

பிள்ளையின் கை. தலை வரவேண்டிய வாசலில் ஒரு சிறு கை. அடுத்த காணிக்காரிக்கும் கைதான் வந்தது என்று பெண்கள் பேசியது எனக்குத் தெரியும். என் கணவர் என் நெற்றியில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் உதடுகள் அசைந்தன. நான் நூலை விட்டுவிட்டேன். இனி எதைப் பிடித்து என்ன என்று தோன்றியது. அம்மாள் என்று ஒருத்தி இருக்கிறாளா என்றுகூட அந்த ஒரு நிமிடம் நினைத்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

அப்போது பவளம் அக்கா "பொறு, பொறு" என்றார். அவர் குரல் மாறியிருந்தது.

"என்ரை விரலைப் பிடிக்குது. யோகம், பிள்ளை என்ரை விரலைப் பிடிக்குது! உயிரோடை இருக்கு!"

என் கணவர் அழுதார். காசிம் நானா என்ன என்று கேட்டார். சொன்னோம். லொறி அதற்குப் பிறகு எந்தப் பள்ளத்துக்கும் விலகவில்லை. அந்த எட்டு மைலும் பவளம் அக்கா தன் விரலை எடுக்கவில்லை. "பிடிக்குது... இன்னும் பிடிக்குது..." என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைசி மைலில் அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கப் பயம். நூலைத் தேடி மறுபடி பிடித்துக்கொண்டேன்.

பதினொன்றே முக்காலுக்கு வவுனியா ஆஸ்பத்திரி. தள்ளுவண்டி, வெள்ளைச் சுவர், மருந்து மணம். வயதான ஒரு டொக்டர் சட்டைக் கையை மடித்தபடி வந்தார். மூக்கின் மேல் மயக்கமருந்துத் துணியை வைத்தார்கள். அதற்கப்பால் எனக்கு ஒன்றும் தெரியாது.

கண் விழித்தபோது யன்னலில் பின்னேர வெயில். டொக்டர் உள்ளே கைவிட்டுப் பிள்ளையைத் திருப்பி, காலைப் பிடித்து எடுத்தாராம். ஆறு நிமிடம் அழவில்லையாம். பிறகு அழுததாம். எனக்குப் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை கிடந்தாள். வலக்கை தோள் வரை நீலமாக வீங்கியிருந்தது. அந்தக் கையை நான் தொட்டேன். விரல்கள் அசைந்தன.

பன்னிரண்டு நாள் அங்கே இருந்தேன். காய்ச்சல் வந்து போனது. இனிப் பிள்ளை வேண்டாம் என்று டொக்டர் சொன்னார். பவளம் அக்கா மறுநாளே திரும்பிவிட்டார். காசிம் நானா ஒரு நாள் வந்து, வாசலில் நின்றபடியே பிள்ளையின் கையைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போனார். என் கணவர் தினமும் வந்தார். ஆனால் பிள்ளையைத் தூக்கவில்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பார், பிறகு யன்னலைப் பார்ப்பார்.

துண்டு வெட்டி எங்களை வீட்டுக்கு விட்ட காலை, ஆஸ்பத்திரி வாசலில் வைத்து அவரிடம் கேட்டேன்.

"ஏன் நீங்கள் பிள்ளையைத் தொடுறேல்லை?"

தன் வலது கையை விரித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"டொக்டர் ஒரு கடதாசி தந்தவர், யோகம். ரெண்டு பேரிலை ஒராளைத்தான் காப்பாத்தலாமெண்டால் ஆரை எண்டு கேட்டவர். நான் உன்னைச் சொல்லிக் கையெழுத்து வைச்சனான். பிள்ளை வேண்டாமெண்டு எழுதின கை இது. இந்தக் கையாலை எப்பிடித் தூக்கிறது?"

பிள்ளையை அவர் கைகளில் வைத்தேன். விழுத்திவிடுவாரோ என்று பயந்தேன். விழுத்தவில்லை.

வவுனியாவிலிருந்து மாங்குளத்துக்கு பஸ்ஸில் ஏறினோம். நான் யன்னலோரம் இருந்தேன். அவர் பிள்ளையை மார்போடு அணைத்தபடி பக்கத்தில் இருந்தார். கொண்டக்டர் வந்தார்.

"எங்கை?"

"மாங்குளம். மூண்டு."

கொண்டக்டர் எங்கள் இருக்கையைப் பார்த்தார். "மற்றவர் எங்கை அண்ணை?"

என் கணவர் துணியைச் சற்று விலக்கிக் காட்டினார்.

"கைப்பிள்ளைக்கு டிக்கற் இல்லை அண்ணை. ரெண்டு எடுத்தால் காணும்."

"இல்லை, மூண்டு பேர்" என்றார் இவர்.

கொண்டக்டர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு டிக்கற்றைக் கிழித்துத் தந்துவிட்டு, முன்னால் திரும்பி, பஸ் முழுவதற்கும் கேட்கும்படி சாரதியிடம் கத்திச் சொன்னார்.

"மாங்குளத்திலை மூண்டு பேர் இறக்கம்!"