இரட்டைப் பிள்ளைகள் இருந்த வரி

பெயரை மாற்றினேன். வயதில் ஒன்றைக் குறைத்தேன். தோட்டத்தின் பெயரை எடுத்துவிட்டு ‘மலைப்பகுதி’ என்று போட்டேன். இவ்வளவு செய்த கை, அந்த ஒரு வரியை மட்டும் தொடவில்லை. அழகாக இருந்தது. வேறு காரணம் இல்லை.

பிள்ளைகளின் உரிமைகள் உங்கள் நாட்டில் எப்படி இருக்கின்றன என்று ஐ.நா. குழு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கேட்கும். அரசு ஓர் அறிக்கை தரும். அரசு சொல்லாமல் விட்டதைச் சொல்ல, எங்களைப் போன்ற சிறிய தொண்டு அமைப்புகள் சேர்ந்து இன்னோர் அறிக்கை தருவோம். எங்கள் பாலக்காட்டு அலுவலகத்திலிருந்து டெல்லிக் கூட்டமைப்புக்கு, அங்கிருந்து ஜெனீவாவுக்கு. ரகசியம் என்று குறிக்காவிட்டால் இணையத்தில் ஏறிவிடும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பாலக்காட்டுக்குப் பக்கத்து நல்லேப்பிள்ளியில் இருந்துகொண்டு, பிள்ளைகள் சொன்னதை எழுத்தாக்குவது என் வேலை; தோட்டங்களில் என்னை ‘டீச்சர்’ என்பார்கள்.

அந்த வரியைச் சொன்ன பெண் சாந்தன்பாறைக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருப்பவள். எட்டாம் வகுப்பு. தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தை மூடிவிட்டார்கள். அம்மா காய் எடுக்கப் போகும் நாளெல்லாம் இரட்டைத் தங்கைகள் இவள் பொறுப்பு. ‘இரட்டைத் தங்கச்சிகளில் ஒருத்தியை முதுகிலும் ஒருத்தியை இடுப்பிலும் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூட மணி அடித்து ஓயும்வரை நின்ற இடத்திலேயே நிற்பேன்.’ அந்த வரி இதுதான்.

எழுதியதை அனுப்பும் முன், சொன்னவர்களிடமே வாசித்துக் காட்டுவது எங்கள் வழக்கம். அந்த முறை மழை. மண் சரிந்து பஸ் நின்றுபோனது. கடைசித் தேதி வேறு நெருங்கியது. அனுப்பிவிடலாம், பிறகு போய் வாசிக்கலாம் என்று சொன்னது நான்தான்.

பாதை திறந்த ஞாயிற்றுக்கிழமை, லயத்து வாசலில் பெண்கள் கூடினார்கள். வாசித்தேன். வரி முடியுமுன் சிரிப்பு.

“ஏட்டி, இது நம்ம ரெட்டைப்புள்ளைக்காரி வீடுல்லா!”

“பேரை மாத்திட்டுப் புள்ளைகளை விட்டுட்டீகளே டீச்சர். இந்த மலையில வேற யாரு ரெட்டை பெத்திருக்கா?”

“நம்ம கங்காணிகூட கண்டுபிடிச்சிருவாரு. அவரு எழுத்துக்கூட்டி முடிக்க ஒரு வாரம் ஆகும், அம்புட்டுத்தான்.”

மறுபடி சிரிப்பு. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கங்காணியின் கீழ் வேலை பார்க்கும் தற்காலிகத் தொழிலாளி அவள். வேலை போனால் லயத்து அறையும் போகும். காப்பகத்தைத் திறக்கச் சொல்லிக் கேட்டதற்கே, பிடிக்கலைன்னா தமிழ்நாட்டுக்குப் போ என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

“இது எங்கெல்லாம் போகும் டீச்சர்?”

“வெளிநாட்டுக்குங்க.”

“வெளிநாட்டுக்காரன் என்னைய என்ன செய்யப் போறான்? கீழ தோட்டத்து ஆபீஸுக்கு வருமா?”

செல்போன் இருக்கிற எவர் கைக்கும் வரும்.

சிக்னல் கிடைக்கும் பாறைவரை ஏறினேன். அம்மாவும் மகளும் பின்னாலேயே வந்தார்கள். பாலக்காட்டில் எங்கள் பொறுப்பாளர் போனை எடுத்தார்.

“ஏனுங்க, நான் வெள்ளிக்கிழமையே டெல்லிக்கு அனுப்பிப்போட்டனே! அவிக எல்லா ஊரு அமைப்புக்கும் பார்வைக்கு அனுப்பியிருப்பாங்க.”

“ஜெனீவாவுக்கு?”

“இன்னும் போகலைங்க. நாளைக்குத்தான். என்ன மாத்தோணும், சொல்லுங்க.”

இரட்டை என்பதை எடுத்துவிடுங்கள் என்றேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்தாள்.

“ரெண்டு பேருன்னு இருந்தாத்தானே டீச்சர் கஷ்டம் தெரியும்? ஒரு புள்ளைன்னா எல்லாரு வீட்டுலயும் இருக்குல்லா.”

“கஷ்டம் தெரிஞ்சாப் போதுமா? இருக்க இடம் வேண்டாமாட்டி?” என்றாள் அம்மா.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். சொன்னவள் மகள், அவளுடைய வரி. இழக்கப்போவது மூன்று பிள்ளைகளும் தூங்குகிற அறை. வரி முழுவதையும் எடுக்கச் சொன்னேன். அந்த இடத்தில், ‘மூத்த பெண்குழந்தைகள் இளையவர்களைப் பராமரிப்பதால் பள்ளி வருகை பாதிக்கப்படுகிறது’ என்று வந்தது. மகள் திரும்பிப் பார்க்காமல் பாறையிலிருந்து இறங்கினாள்.

மறுநாள் டெல்லியிலிருந்து பதில்: திருத்திய அறிக்கைதான் ஜெனீவாவுக்குப் போயிருக்கிறது, பழையதைத் திறந்தவர்கள் தயவுசெய்து அழித்துவிடவும்.

தயவுசெய்து. யார் அழித்தார்கள், யார் இன்னொருவருக்கு அனுப்பினார்கள்? வாளையார் எல்லைச் சோதனைச்சாவடியில் லாரியை மறித்துப் பிரித்துப் பார்க்கிற மாதிரி, புறப்பட்ட ஒரு வரியை எங்கே போய் மறிப்பது? தினமும் மாலையில், அவள் பாறைக்கு ஏறிவரும் நேரம் பார்த்து, அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். இன்றைக்கு வேலைக்குப் போனீர்களா? யாராவது ஏதாவது கேட்டார்களா?

ஒன்பதாம் நாள் அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“போயிட்டுத்தான் இருக்கேன் டீச்சர். யாரும் ஒண்ணும் கேக்கலை. நீங்க தினம் போன் போடுறதைப் பார்த்துத்தான் கங்காணி, யாருன்னு கேக்காரு.”

வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த எண்ணை நான் அழைக்கவில்லை. அங்கிருந்தும் அழைப்பு வரவில்லை.